நான்கு ரேம் போட்ட பிறகு 3600இல் தடுமாற்றம்: இரவுச் சோதனை தேறுகிறது, மதிய எக்ஸ்போர்ட் பாதியில் நிற்கிறது

அம்பை வீடியோ (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரத்தில் கல்யாண வீடியோ, கோயில் கொடை வீடியோ எடிட்டிங் செய்து வருகிறேன். வேலைக்கு வைத்திருக்கும் கம்ப்யூட்டரில் ஏஎம்டி ரைசன் 5 5600 பிராசஸரும், பி550 மதர்போர்டும், தனி கிராபிக்ஸ் கார்டும், 650 வாட் எஸ்எம்பிஎஸ்ஸும் (மின்சாரம் தரும் பெட்டி) உள்ளன. தொடக்கத்தில் டிடிஆர்4 3600 (வேகம்), சிஎல்18 (தரவு வரக் காத்திருக்கும் துடிப்புகள்), 1.35 வோல்ட் என்று ஒட்டியிருந்த 8 ஜிபி ரேம் இரண்டு இருந்தன. மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸில் எக்ஸ்எம்பியை, அதாவது ரேம் கம்பெனி எழுதிவைத்த வேக அமைப்பை, இயக்கியதோடு சரி, அதன்பின் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க வேண்டிய தேவையே வரவில்லை. 4கே ஃபுட்டேஜ் வரத் தொடங்கிய பிறகு 16 ஜிபி போதாமல் போனதால், அதே கம்பெனியின் அதே மாடலில் இன்னும் இரண்டு வாங்கி நான்கு ஸ்லாட்டையும் நிரப்பினேன்.

அதற்குப் பிறகுதான் தொல்லை. எக்ஸ்எம்பியை அப்படியே இயக்கினால் சில காலைகளில் திரையே வராமல், தானாக அணைந்து அணைந்து எரிந்து, பிறகுதான் கம்ப்யூட்டர் எழுந்தது. நண்பர் ஒருவர் தந்த டைமிங் (ரேமின் ஒவ்வொரு வேலைக்கும் விடும் கால அவகாசம்) பட்டியலை வைத்து முதலில் 3800 வேகமும் 1900 ஃபேப்ரிக்கும் (பிராசஸரின் உள்ளிணைப்பு வேகம்) வைத்துப் பார்த்தேன்; அது நிற்கவில்லை. இப்போது 3600 வேகம், 1800 ஃபேப்ரிக், 16-19-19-36 டைமிங், டிஆர்எஃப்சி (ரேம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள விடும் நேரம்) 468, மெமரி வோல்டேஜ் 1.40 என்று வைத்திருக்கிறேன். இந்த அமைப்பில் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86இன் இலவசப் பதிப்பு அனுமதிக்கும் நான்கு சுற்றுகளையும் இரவில் ஓட விட்டதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் மதிய வேளையில் நீளமான எக்ஸ்போர்ட் போட்டால் பாதியில் நின்றுவிடுகிறது, எப்போதாவது கம்ப்யூட்டரே ரீஸ்டார்ட் ஆகிறது. எல்லாவற்றையும்விடக் கவலை தருவது, ஒரு வீட்டாருக்கு ஜிப் செய்து அனுப்பிய புகைப்படங்களில் சில விரியவில்லை என்று தகவல் வந்ததுதான். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவன்ட் வியூவரில் டபிள்யூஎச்இஏ லாகர் 19 என்ற எச்சரிக்கைகளும், கெர்னல் பவர் 41 என்ற பதிவுகளும் கிடக்கின்றன.

ரேம் வாங்கிய கடையில் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றச் சொல்கிறார்கள். எங்கள் தெருவில் மதியத்தில் வோல்டேஜ் இறங்குவது உண்மைதான். ஆனால் யூபிஎஸ் இருக்கிறது. புதிதாக வாங்கிய ரேம் கெட்டதா, மின்சாரம் காரணமா, அல்லது டைமிங் தவறா என்பதை எப்படிப் பிரித்து அறிவது? வைகாசி முகூர்த்தங்கள் வரிசையாக வருவதால், குருட்டாம்போக்கில் பணம் செலவழிக்க மனமில்லை.

பாளை சர்வீஸ்

தம்பி, காரணத்தைத் தேடுவதற்கு முன் வேறொரு வேலை இருக்கிறது. இன்றே பயாஸில் எக்ஸ்எம்பியையும் கைமுறை டைமிங்குகளையும் எடுத்துவிட்டு, மதர்போர்டு தானாக வைக்கும் வேகத்துக்குப் போய்விடுங்கள். கேமராவின் கார்டுகளில் மூலப் பதிவு இன்னும் இருக்குமானால் அவற்றை அழிக்காதீர்கள். மெமரி தப்பு விடும்போது எக்ஸ்போர்ட் நிற்பது சிறிய நஷ்டம். நிற்காமல் ஓடி முடிந்து, தப்பான பிட்டுகளோடு ஃபைலை டிஸ்க்கில் எழுதிவைப்பதுதான் பெரிய நஷ்டம். காப்பி செய்யும் ஒவ்வொரு ஃபைலும் ரேம் வழியாகத்தான் போகிறது. விரியாத அந்த ஜிப் அதற்கான அடையாளமாகவே எனக்குத் தோன்றுகிறது.

அடுத்து, எதிர்பார்ப்பைச் சரிசெய்துகொள்ள வேண்டும். ரேமின் மேல் 3600 என்று ஒட்டியிருப்பது அந்த ரேம் கம்பெனி தரும் உறுதிமொழி. உங்கள் பிராசஸரோ நான்கு ஸ்லாட் நிறைந்த மதர்போர்டோ தரும் உறுதிமொழி அல்ல. ரைசன் 5000 வரிசைக்கு ஏஎம்டி அறிவித்துள்ள அளவு, இரண்டு ரேம் போட்டால் 3200. ஒற்றை ரேங்க் (சிப்புகள் ஒரே தொகுதியாக உள்ள) ரேம் நான்கு போட்டால் 2933. இரட்டை ரேங்க் நான்கு போட்டால் 2667. இதற்கு மேல் போவது எல்லாமே, எக்ஸ்எம்பி உட்பட, ஓவர்கிளாக்தான், அதாவது அறிவித்த அளவை மீறி ஓட்டுவது. ஒரே சேனலின் (பிராசஸரிலிருந்து ரேமுக்குப் போகும் பாதை) கம்பித் தடங்களில் இரண்டு ரேம் தொங்கும்போது சமிக்ஞை சிதறுகிறது, மெமரி கன்ட்ரோலரின் சுமை கூடுகிறது. காலையில் அணைந்து அணைந்து எரிந்ததாகச் சொன்னீர்களே, அது மதர்போர்டு மெமரியோடு ஒத்துப்போகும் அளவுகளைத் தேடித் தோற்றுத் திரும்பத் தேடுவது. நான்கில் ஒன்று கெட்டிருந்தால்தான் அப்படி நடக்கும் என்பதில்லை. நான்கும் நல்லவையாக இருந்தாலே நடக்கும்.

இப்போது ஈவன்ட் வியூவருக்கு வருவோம். டிடிஆர் என்பதால் ஒரு கடிகாரத் துடிப்புக்கு இரண்டு முறை தரவு போகிறது. ஆகவே 3600 என்றால் உண்மையான கடிகாரம் 1800 மெகாஹெர்ட்ஸ். ரைசனின் உள்ளே பகுதிகளை இணைக்கும் ஃபேப்ரிக்கும் அதே 1800இல் ஓடினால் இரண்டும் ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் இணைந்து செல்லும். 1800ஐப் பெரும்பாலான 5600கள் தாங்கும். 1900ஐப் பல தாங்குவதில்லை. தாங்காதபோது டபிள்யூஎச்இஏ 19 எச்சரிக்கைகள் வரிசையாக விழும்: இணைப்பில் பிழை வந்தது, திருத்தப்பட்டுவிட்டது என்பதே அதன் பொருள். அந்த எச்சரிக்கைகளின் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். எல்லாம் 1900 வைத்திருந்த நாட்களோடு முடிந்துவிட்டால் ஃபேப்ரிக்கை விட்டுவிடலாம். இப்போதும் விழுந்துகொண்டிருந்தால் வழக்கு வேறு.

அதே சமயம், எச்சரிக்கை இல்லை என்பதால் ரேம் நல்லது என்று முடிவு கட்டவும் கூடாது. நாம் போடும் சாதாரண ரேமில், பிழையைக் கண்டு திருத்தும் ஈசிசி வசதி கிடையாது. ஒரு பிட் புரண்டால் அதைக் கண்டுபிடிக்க அங்கே யாரும் இல்லை, ஆகவே எழுதிவைக்கவும் யாரும் இல்லை. கெர்னல் பவர் 41ஐ வைத்து எஸ்எம்பிஎஸ்ஸைக் குற்றம் சாட்டுவதும் சரியல்ல. முறையாக அணைக்கப்படாமல் கம்ப்யூட்டர் நின்றுபோனது என்பதை மட்டுமே அந்தப் பதிவு சொல்கிறது; மின்சாரம் போனாலும் அதே பதிவுதான், மெமரி தப்பால் உறைந்து ரீஸ்டார்ட் ஆனாலும் அதே பதிவுதான்.

செய்ய வேண்டிய சோதனை இது. தானியங்கி வேகத்தில் நான்கு ரேமையும் வைத்து ஒரு முழு எக்ஸ்போர்ட் போடுங்கள். அது தேறினால் பழைய இரண்டை மட்டும், பிராசஸரிலிருந்து எண்ணும்போது இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளில் போட்டு எக்ஸ்எம்பியில் சோதியுங்கள். பிறகு புதிய இரண்டை அதே ஸ்லாட்டுகளில் போட்டு அதே சோதனையைச் செய்யுங்கள். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். வேகம், டைமிங், வோல்டேஜ் மூன்றையும் ஒன்றாக மாற்றிவிட்டுச் சரியாகிவிட்டது என்றால், எதனால் சரியானது என்பது கடைசிவரை தெரியாது.

சாரல் தென்காசி

மேலே உள்ளவற்றோடு ஒன்று சேர்க்கிறேன். இரவில் தேறி மதியத்தில் தோற்கிறது என்பதை நீங்கள் மின்சாரத்தோடு இணைத்துவிட்டீர்கள். எனக்கு வெப்பத்தின் மேல்தான் சந்தேகம். மெம்டெஸ்ட்86 விண்டோஸுக்கு வெளியே ஓடுவது. அப்போது கிராபிக்ஸ் கார்டு சும்மா இருக்கும், கேபினெட்டுக்குள் சூடே ஏறாது. எக்ஸ்போர்ட் போடும்போது அந்தக் கார்டு தள்ளும் வெப்பக்காற்று முதலில் போய் மோதுவது ரேமின் மேல். சித்திரை வைகாசியில் பாளையங்கோட்டையில் 38, 39 டிகிரி என்பது செய்தியே அல்ல. மாடி அறையென்றால் அதற்கும் மேல் இருக்கும். ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளில் ரேமின் வெப்பநிலை காட்டுகிறதா என்று பாருங்கள். எல்லா டிடிஆர்4 ரேமிலும் அந்த உணரி இருக்காது, இருந்தால் காட்டும்.

எங்கள் ஊரில் சாரல் காலத்தில் தேறிய அமைப்பைச் சித்திரை வெயிலுக்கும் தேறியதாகக் கொள்ள முடியாது. ஜூனில் சோதித்து முடித்து, மறு ஏப்ரலில் நீலத்திரையோடு வருகிறவர்களை இங்கே ஆண்டுதோறும் பார்க்கிறோம்.

அம்பை வீடியோ

பாளை அண்ணாச்சிக்கும் தென்காசி நண்பருக்கும் நன்றி. சொன்ன வரிசையிலேயே செய்து பார்த்தேன்.

தானியங்கி வேகத்தில் நான்கு ரேமோடு மதியத்திலும் எக்ஸ்போர்ட் முழுதாக முடிகிறது. பழைய இரண்டு தனியாக எக்ஸ்எம்பியில் தேறுகின்றன, புதிய இரண்டும் அப்படியே. டபிள்யூஎச்இஏ எச்சரிக்கைகள் அனைத்தும் 1900 வைத்திருந்தபோது விழுந்தவை. 1800க்கு வந்த பிறகு ஒன்றுகூட இல்லை. ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் நான்கு ரேமுக்கும் வெப்பநிலை தெரிகிறது. என்னுடைய பழைய டைமிங் அமைப்பில், இரவில் விண்டோஸுக்குள் டெஸ்ட்மெம்5 என்ற ரேம் சோதனையை மட்டும் ஓட விட்டால் 42 டிகிரி, பிழை இல்லை. மதியத்தில் அதே சோதனையோடு கிராபிக்ஸ் கார்டுக்கும் வேலை கொடுத்தால் 57 டிகிரி வரை ஏறுகிறது, சிறிது நேரத்திலேயே பிழை காட்டுகிறது. கிராபிக்ஸ் கார்டுக்கு அருகில் இருக்கும் இரண்டு ரேம்தான் அதிகச் சூடு.

கம்ப்யூட்டர் மேஜையின் பிளைவுட் அறைக்குள் இருக்கிறது. பக்கத்தில் அரிசி ஆலை இருப்பதால், கேபினெட்டின் முன்வலையைக் கழற்றிப் பார்த்தபோது தவிட்டுத் தூசி படிந்து, ஃபேன் உறிஞ்சும் வழி ஏறக்குறைய மூடிக் கிடந்தது.

எண்கணக்கன்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். வெப்பத்தின் மேல் இவ்வளவு எளிதாகப் பழி போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. 2009இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் பியான்கா ஷ்ரோடரும் கூகுள் பொறியாளர்கள் இருவரும் கூகுளின் சர்வர்களில் இருந்த ரேமின் பிழைகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஓராண்டில் 8 சதவீதத்துக்கும் மேற்பட்ட ரேம்களில் பிழை தென்பட்டது என்று கண்ட அதே கட்டுரை, சர்வரின் பயன்பாட்டைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் வெப்பநிலையின் பாதிப்பு வியப்பூட்டும் அளவுக்குச் சிறியது என்றும் சொன்னது. அவ்வளவு பெரிய எண்ணிக்கையில் பார்த்தவர்களே அப்படிச் சொல்லும்போது, ஒரு கம்ப்யூட்டரின் 57 டிகிரியை வைத்து முடிவெடுப்பது அவசரம் அல்லவா? மேலும், டிடிஆர்4 சிப்புகள் 85 டிகிரி வரை வழக்கமான முறையிலேயே இயங்கும்படி தரம் வகுக்கப்பட்டவை.

பாளை சர்வீஸ்

நல்ல கேள்வி. அந்தக் கட்டுரையின் முடிவும் சரி, 85 டிகிரி என்ற அளவும் சரி. ஆனால் இரண்டும், தரத்தில் வகுத்த வேகத்திலும் தரத்தில் வகுத்த கால அவகாசத்திலும் ஓடும் மெமரிக்கு உரியவை. சர்வர்களில் யாரும் டிஆர்எஃப்சியை இறக்கி வைப்பதில்லை. தம்பி தானியங்கி வேகத்தில் வைத்தபோது அதே அறையில், அதே மதியத்தில், பிழை இல்லாமல் ஓடியது உங்கள் பக்கத்துக்கே சாட்சி. வெப்பம் மட்டும் தனியாகக் குற்றவாளி அல்ல. வெப்பத்துக்கென்று விட்டுவைத்திருந்த அவகாசத்தைக் கைமுறை டைமிங் தின்றுவிட்டது என்பதே என் வாதம்.

எப்படி என்று விளக்குகிறேன். ரேமில் ஒவ்வொரு பிட்டும் மிகச்சிறிய மின்தேக்கி ஒன்றில் மின்னேற்றமாக இருக்கிறது. அது கசிந்துகொண்டே இருக்கும். சூடு ஏற ஏறக் கசிவு வேகமாகும். அதனால் எல்லா வரிசைகளையும் 64 மில்லிசெகண்டுக்குள் ஒருமுறை படித்துத் திரும்ப எழுதிப் புதுப்பிக்க வேண்டும் என்பது விதி. அந்த 64 மில்லிசெகண்டை 8192 கட்டளைகளாகப் பிரிக்கிறார்கள், ஆகவே 7.8 மைக்ரோசெகண்டுக்கு ஒரு புதுப்பிப்புக் கட்டளை. வெப்பம் 85 டிகிரியைத் தாண்டினால் இந்த இடைவெளியைப் பாதியாக்க வேண்டும் என்று அதே தரம் சொல்வதிலிருந்தே, சூட்டுக்கும் கசிவுக்கும் உள்ள உறவு விளங்கும்.

ஒரு கட்டளை கொடுத்த பிறகு, சிப் அந்த வேலையை முடிக்கும்வரை அதைத் தொந்தரவு செய்யாமல் காத்திருக்கும் நேரம்தான் டிஆர்எஃப்சி. 8 ஜிகாபிட் சிப்புகளுக்குத் தரம் வகுத்திருப்பது 350 நானோசெகண்டு. 3600 வேகத்தில் கடிகாரம் 1800 மெகாஹெர்ட்ஸ் என்பதால், அது 630 துடிப்புகள். தம்பி வைத்திருப்பது 468, அதாவது 260 நானோசெகண்டு. கால்வாயில் முறை வைத்துத் தண்ணீர் விடும் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்: முறை நேரத்தைக் குறைத்தால் ஐப்பசியில் ஒன்றும் தெரியாது, கோடையில்தான் கடைமடை காயும். 42 டிகிரியில் அரைகுறையாக ஏறிய மின்னேற்றம் அடுத்த முறை வரும்வரை தாக்குப்பிடிக்கிறது; 57 டிகிரியில் பலவீனமான சில பிட்டுகள் அதற்குள் வடிந்துவிடுகின்றன.

260 நானோசெகண்டு எல்லா ரேமுக்கும் தவறு என்று சொல்லவில்லை. சாம்சங் பி-டை என்று பேர்பெற்ற சிப்புகள் 160 அளவுக்குக்கூட இறங்கும். அந்தச் சிப் இருக்கிற ஒருவர் போட்ட பட்டியலை வேறு சிப் இருக்கிற இன்னொருவர் தட்டினால் இப்படித்தான் ஆகும். சிஎல்18 என்று விற்கப்படும் ரேமில் பி-டை இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு.

இதை நிரூபிப்பதும் எளிது. மற்ற எதையும் தொடாமல் டிஆர்எஃப்சியை மட்டும் 468இலிருந்து 630க்கு ஏற்றி, அதே மதியச் சோதனையைச் செய்யுங்கள். பிறகு 468க்கே திரும்பி, கேபினெட்டின் பக்கக் கதவைக் கழற்றி, டேபிள் ஃபேனை ரேமை நோக்கி வைத்து இன்னொரு சோதனை செய்யுங்கள். இரண்டு வழியிலும் பிழை மறைந்தால் எண்கணக்கன் ஐயாவும் ஏற்றுக்கொள்வார் என்று நம்புகிறேன். இது சோதனைக்கு மட்டும். முகூர்த்த வேலை எதையும் இந்த அமைப்பில் ஓட விடாதீர்கள்.

ரெண்டு போதும்

வோல்டேஜைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இந்த மாதிரி இடங்களில் உடனே 1.45 வை, 1.5 வை என்று யாராவது சொல்வார்கள். முதன்மை டைமிங்குகளுக்கு அது சில சிப்புகளில் உதவும். ஆனால் வோல்டேஜ் ஏறினால் ரேமின் சூடும் ஏறும், இங்கே நோயே சூட்டில்தான் இருக்கிறது. மெமரி கன்ட்ரோலருக்குப் போகும் எஸ்ஓசி வோல்டேஜையும் 1.1 அளவில் நிறுத்துங்கள். நான்கு ரேமுக்குக் கன்ட்ரோலர் திணறினால் அதைக் கொஞ்சம் ஏற்றிப் பார்ப்பது உண்டு, ஆனால் உங்கள் பிழைகள் சூட்டோடு வந்து சூட்டோடு போவதால் அதற்கு இப்போது அவசியம் தெரியவில்லை.

என் கருத்தில் இந்தப் பிழைப்புக்கு 3600 தேவையே இல்லை. கேட்ட தரவின் முதல் துண்டு வந்து சேரும் நேரத்தைக் கணக்கிட்டால், 3600இல் சிஎல்18 என்பதும் 3200இல் சிஎல்16 என்பதும் இரண்டுமே 10 நானோசெகண்டுதான். அலைவரிசையில் இரண்டு சேனலுக்கும் சேர்த்துச் செகண்டுக்கு 57.6 ஜிபி என்பது 51.2 ஜிபி ஆகும். கல்யாண வீடியோ எக்ஸ்போர்ட்டில் பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் செய்யும் வேலையை ஒப்பிட்டால், அந்த வித்தியாசம் ஒரு காபி நேரத்துக்குக்கூட வராது. கேம் விளையாடுகிறவர்கள் ஃபிரேம் கணக்குப் பார்க்கட்டும். வாடிக்கையாளரின் தாலி கட்டும் காட்சி உங்கள் டிஸ்க்கில் இருக்கிறது.

பின்னாளில் மாற்றும் எண்ணம் இருந்தால், நான்கு 8 ஜிபிக்குப் பதிலாக இரண்டு 16 ஜிபி போடுங்கள். கொள்ளளவு அதேதான், கன்ட்ரோலருக்குச் சுமை குறைவு, ரேமுக்கு நடுவில் காற்றுப் போக இடமும் கிடைக்கும். ஒரே பெட்டியில் ஜோடியாக விற்பதை வாங்குவது நல்லது. ஒரே மாடல் எண்ணின் கீழேயே காலப்போக்கில் உள்ளிருக்கும் சிப்பை மாற்றிவிடுவது ரேம் வியாபாரத்தில் வழக்கம். தனித்தனியாக வாங்கிய இரண்டு ஜோடிகள் வெளியில் ஒன்றுபோல் இருந்தாலும் உள்ளே வேறாக இருக்கலாம்.

அம்பை வீடியோ

அண்ணாச்சி, இரண்டு சோதனையும் முடிந்தது. டிஆர்எஃப்சியை மட்டும் 630 ஆக்கியபோது, மதியத்தில் 57 டிகிரி வரை ஏறியும் டெஸ்ட்மெம்5இல் பிழை வரவில்லை. 468க்குத் திரும்பி, கதவைக் கழற்றி டேபிள் ஃபேன் வைத்தபோது ரேம் 46 டிகிரிக்கு மேல் ஏறவில்லை. அப்போதும் பிழை இல்லை. ஃபேனை நிறுத்திக் கதவை மாட்டியதும் பிழை திரும்ப வந்துவிட்டது. யூபிஎஸ், எஸ்எம்பிஎஸ் எதையும் இந்தச் சோதனைகளுக்கு நடுவே மாற்றவில்லை.

630இல் பிழை இல்லையென்றாலும், காலையில் முதல்முறை சுவிட்ச் போடும்போது 3600இல் கம்ப்யூட்டர் எழத் தயங்குவது இன்னும் இருக்கிறது. ஆகவே 3200, 16-18-18-36, டிஆர்எஃப்சி 560, 1.35 வோல்ட் என்று வைத்துவிட்டேன். இதில் எழுவதிலும் தயக்கம் இல்லை. கேபினெட்டைப் பிளைவுட் அறையிலிருந்து வெளியே எடுத்து, முன்வலையைக் கழுவி மாட்டி, மேல்பக்கம் ஒரு ஃபேனும் சேர்த்திருக்கிறேன். மதிய எக்ஸ்போர்ட்டின்போது ரேம் 50ஐத் தாண்டுவதில்லை. 4கே டைம்லைனில் முன்பும் பின்பும் உருட்டும்போது 3600க்கும் 3200க்கும் என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

இன்னும் ஒன்று கேட்க வேண்டும். அந்தத் தவறான அமைப்பில் இருந்த நாட்களில் காப்பி செய்த ஃபுட்டேஜும், முடித்துக் கொடுத்த வேலையும் நிறைய இருக்கின்றன. எல்லாவற்றையும் சந்தேகிக்க வேண்டுமா? விண்டோஸைத் திரும்பப் போட வேண்டுமா?

எண்கணக்கன்

கதவை மாட்டியதும் பிழை திரும்பியது என்பதோடு என் மறுப்பைத் திரும்பப் பெறுகிறேன். உங்கள் கேள்வி என் பக்கத்து வேலை என்பதால் நானே பதில் சொல்கிறேன்.

காப்பி செய்த ஃபுட்டேஜைப் பொறுத்தவரை, மூலக் கார்டு அழிக்கப்படாமல் இருந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. கார்டில் உள்ள ஃபைலுக்கும் டிஸ்க்கில் உள்ள ஃபைலுக்கும் செக்சம் (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) எடுத்து ஒப்பிடுங்கள், எஸ்ஹெச்ஏ256 என்ற வகை போதும். 7-ஜிப் மென்பொருள் நிறுவியிருந்தால், ஃபைலின் மேல் மவுஸின் வலப் பொத்தானைத் தட்டினால் வரும் மெனுவிலேயே அந்த வசதி கிடைக்கும். ஒரு பிட் மாறியிருந்தாலும் இரண்டு எண்ணும் முற்றிலும் வேறாகத் தெரியும். ஒத்துப்போகாதவற்றை மட்டும் இப்போதைய அமைப்பில் திரும்பக் காப்பி செய்தால் முடிந்தது. ஒப்பிடுவதையும் இப்போதைய 3200 அமைப்பில்தான் செய்ய வேண்டும். பழைய அமைப்பில் கணக்கிட்டால் கணக்கே தப்பாகலாம்.

கார்டு அழிந்துவிட்ட ஃபுட்டேஜுக்கு ஒப்பிட ஒன்றும் இல்லை. ஓட்டிப் பார்ப்பதுதான் வழி. வீடியோவில் ஒரு பிட் புரண்டால் பெரும்பாலும் ஒரு கணம் கட்டம் கட்டமாகச் சிதறி, அடுத்த முழு ஃபிரேம் வந்ததும் சரியாகிவிடும். எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மென்பொருள் மூலம் ஃபைல் முழுவதையும் வெளியீடு இல்லாமல் டிகோட் செய்ய விட்டால், சிதைந்த இடங்களில் பிழைச் செய்தி விழும். எல்லாச் சிதைவையும் அது பிடிக்கும் என்று சொல்ல முடியாது, பெரியவற்றைப் பிடித்துவிடும். ஜிப் செய்து வைத்தவை இதைவிட எளிது: ஜிப்புக்குள்ளேயே சிஆர்சி என்ற சரிபார்ப்பு எண் இருக்கிறது, 7-ஜிப்பில் சோதனை என்ற பொத்தானை அழுத்தினால் எது கெட்டது என்று பெயரோடு சொல்லிவிடும். அந்த வீட்டாருக்கு அனுப்பிய புகைப்படங்களை மூலத்திலிருந்து எடுத்து இப்போதே திரும்ப ஜிப் செய்து அனுப்பிவிடுங்கள்.

விண்டோஸுக்கு, அதிலேயே உள்ள பழுதுபார்க்கும் கருவிகளில் முதலில் டிஸ்ம் பழுதுபார்ப்பையும், அடுத்துச் சிஸ்டம் ஃபைல் செக்கரையும் ஓட விடுங்கள். அவை சுத்தம் என்று சொல்லி, எடிட்டிங் மென்பொருளும் முரண்டு பிடிக்காமல் இருந்தால் திரும்பப் போட வேண்டியதில்லை. அந்த நாட்களில் ஏதாவது பெரிய விண்டோஸ் அப்டேட்டோ கிராபிக்ஸ் டிரைவரோ நிறுவியிருந்தால், டிரைவரை மட்டும் நீக்கிவிட்டுப் புதிதாக இறக்கிப் போடுங்கள். எடிட்டிங் மென்பொருளின் கேஷ் ஃபோல்டரையும், தானாக உருவாக்கிவைத்த பிராக்ஸி ஃபைல்களையும் (எடிட்டிங்குக்கான இலகுவான நகல்கள்) யோசிக்காமல் அழித்துவிடலாம். அவை மூலத்திலிருந்து மறுபடியும் உருவாகிவிடும்.